புரட்டிப் பார்க்கிறவள்

எந்தத் துணி கையில் வந்தாலும் அவள் முதலில் புரட்டுவாள். பின்பக்கத்தைப் பார்ப்பாள். அப்புறம்தான் முன்பக்கம். பல சமயம் முன்பக்கத்தைப் பார்க்காமலே கீழே வைத்துவிடுவாள்.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து போனோம். பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவள், பெண்ணின் ரவிக்கைக் கையைப் பிடித்து ஓரத்தை மடக்கிப் பார்த்துவிட்டாள். பெண்ணின் அத்தை பாய்ந்து வந்தாள்.

"இன்னா பாக்கறே? பொண்ணப் பாக்க வந்தியா, தையலப் பாக்க வந்தியா?"

"பொண்ணு நல்லாத்தான் கீது" என்றாள் அவள். "தையலுதான் ஆறு மாசம் தாங்காது."

சாப்பிடாமல் திரும்பி வந்தோம். சொன்னது தப்பு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வழியெல்லாம் அந்த ரவிக்கையைத் தைத்தவனைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

பூந்தமல்லிச் சந்தையில் துண்டு விற்கிறவர்களுக்கு அவளைத் தெரியும். தூரத்தில் பார்த்ததும் ஒருத்தர் கத்துவார். "எம்மா, வாங்கறதுன்னா வாங்கு. பொரட்டாதே. நீ பொரட்டினா மத்தவங்களும் பொரட்டறாங்க."

நாங்கள் வேலை செய்த கொட்டகையில் அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. பொரட்டறவ. அவளுடைய சொந்தப் பேரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்கள் அவள் ஊரான கள்ளிக்குப்பத்தில் இன்னும் இருக்கிறார்கள். ஏன் எழுதவில்லை என்பது கடைசியில் தெரியும்.

அது சண்டைக் காலம். ஆவடியில் வயல்களை எடுத்துக்கொண்டு கேம்பு போட்டிருந்தார்கள். லாரி, கூடாரம், வெள்ளைக்காரச் சிப்பாய்கள். ஜன்னல் மூடிய ரயில்கள் வந்து நிற்கும். காயம்பட்டவர்கள் அதில் வருகிறார்கள் என்று சொல்வார்கள். நாங்கள் ஆளைப் பார்த்ததில்லை. அவர்கள் போட்டிருந்த துணியைப் பார்த்தோம்.

மேனாம்பேட்டில் ஒரு காண்ட்ராக்டர் தகரக் கொட்டகை போட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கழற்றிய சட்டைகளை வேகவைத்து, மூட்டை கட்டி, எங்களிடம் அனுப்புவார்கள். பழைய நம்பர் நாடாவைப் பிரிக்க வேண்டும். கிழிந்ததை அடைக்க வேண்டும். மறுபடி வெளுத்து, ரோடு போடவும் மூட்டை தூக்கவும் போகிற புதுக் கூலிப்படைக்குக் கொடுப்பார்கள். இருபது பெண்கள் வேலை செய்தோம். எனக்குப் பூவேலை தெரியும். தலையணை உறை, மேசைத் துணி எல்லாம் போட்டிருக்கிறேன். அந்தக் காலத்தில் பூப்போட்ட தலையணை யார் கேட்டார்கள். ஓட்டை அடைக்கத்தான் கூப்பிட்டார்கள்.

மூட்டையைப் பிரித்தால் கொட்டகை முழுக்க மருந்து நாற்றம் வரும். எவ்வளவு வேகவைத்தாலும் சில கறை போகாது. முள் கிழித்தது கோணலாக இருக்கும். நெருப்பு பட்டதன் ஓரம் கருகி உதிரும். குண்டு பட்ட ஓட்டை சின்னது. பெருவிரல் நுழையாது. ஆனால் அதுக்கு எதிரே முதுகில் இன்னொன்று இருந்தால் அது பெரிசாக இருக்கும். ஒரு மாதத்தில் எங்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. மடியில் போட்டுக்கொண்டு வெற்றிலை மெல்லுவோம்.

அவள் வந்த இரண்டாம் நாளே சண்டை. தன் பங்குச் சட்டைகளை மட்டும் எடுக்காமல் எல்லார் குவியலையும் புரட்டிக்கொண்டு வந்தாள். மேஸ்திரிக்குக் கோபம்.

"இன்னாம்மா, நீ இன்னா இன்ஸ்பெக்டரா? ஒன் வேலையப் பாரு."

அவள் அடுத்த குவியலுக்குப் போனாள். புரட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான் இருந்தேன்.

"யக்கா, இன்னாத்துக்கு எல்லாருதையும் பொரட்டறே?"

"என் கைவேல ஒண்ணு சண்டைக்குப் போயிருக்குது. திரும்பி வந்தா தெரியணுமில்ல."

"யாரு சட்ட?"

"ஊட்டுக்காரரு சட்ட."

அவள் புருஷன் கூரை வேய்கிறவன். கள்ளிக்குப்பத்திலிருந்து எட்டுப் பேர் ஒரே நாளில் கூலிப்படைக்குப் போனார்கள். பர்மா எல்லையில் ரோடு போடுகிற வேலை, மூட்டை தூக்குகிற வேலை என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். முதலில் யாரோ எழுதிக் கொடுத்த இரண்டு கடுதாசி வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. கேம்பு ஆபீசில் போய்க் கேட்டால் சிப்பாய்களுக்குத்தான் லிஸ்டு வருகிறது, கூலிகளுக்கு லிஸ்டு வரவில்லை என்றார்கள். நாலு தடவை போனாள். நாலாவது தடவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எங்கள் கொட்டகைக்கு வந்தாள். லிஸ்டு வராவிட்டால் சட்டை வரும் என்று அவள் கணக்கு.

அன்றைக்குக் கொட்டகையில் யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி கேலி ஆரம்பித்தது. ஆனால் அவள் புரட்டும்போது யாரும் தடுக்கவில்லை. மேஸ்திரியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நாளில் நாங்களே ஒவ்வொரு சட்டையையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தோம்.

என்ன தேட வேண்டும் என்று அவளே காட்டியிருந்தாள். இடது மார்பில் இருக்கிற பையின் பின்பக்கம். சட்டையை உள்வெளியாகத் திருப்பினால் அந்த இடத்தில் சிவப்புக் கோடுகள் தெரியும். முடிச்சு இருக்காது.

முடிச்சுதான் அவளுக்கு ஆகாது. பூந்தமல்லியில் சின்ன வயசில் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் பூவேலை போட்ட இடத்தில் ஐந்து வருஷம் இருந்தாள். கண்ணாடி போட்ட ஒருத்தி எல்லாவற்றையும் புரட்டிப் பார்ப்பாளாம். பின்னால் ஒரு முடிச்சு தெரிந்தால் முழுதையும் கத்திரித்துப் போடுவாளாம். அந்தப் பயத்தில் பழகியது. ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு.

"துணி உடம்புல படற பக்கம் எது? பின்பக்கம்தானே. முடிச்சு இருந்தா ஒறுத்தும். மூட்ட தூக்கறவனுக்கு நெஞ்சுல ஒறுத்தினா நாள் பூரா அதே நெனப்பா இருக்கும்."

நூலின் முனையை ஒரு விரல்கடை விட்டு, மேலே வருகிற தையலாலேயே அதை அமுக்கிக்கொண்டு போவாள். முடிக்கும்போதும் அப்படியே. பெருக்கல் குறி போல முன்னால் போடுவாள். பின்னால் எதுவாக இருந்தாலும் நிமிர்ந்த சின்னக் கோடுகள்தான். எங்கள் இருபது பேரில் அப்படித் தைக்க இன்னொருத்தி இல்லை. எனக்கும் வராது. நான் முடிச்சுப் போட்டே பழகியவள்.

புருஷன் சட்டையில் அந்தச் சிவப்புக் குறியை ஏன் போட்டாள் என்றால் வண்ணானுக்காக. கேம்பில் எல்லாச் சட்டையும் ஒன்று போல இருக்கும். நம்பர் கூலிக்குப் போனவர்களுக்குப் படிக்கத் தெரியாது. வண்ணான் சேங்கொட்டை மையால் குறி போடுவான். அந்த மை துணியைத் தின்னும், உடம்பில் பட்டால் புண்ணாக்கும் என்று அவளுக்குக் கோபம். வெளியே தெரிகிற மாதிரி பூப்போட்டால் கேம்பில் திட்டுவார்கள். அதனால் பையின் ஒரு பக்கத்தைப் பிரித்து, பைக்குள்ளே மறைவாகக் குறி போட்டு, பழைய துளைகளிலேயே பையைத் திரும்பத் தைத்துவிட்டாள். விரலால் பையை விரித்து உள்ளே பார்த்தால்தான் குறி தெரியும். மறுபுறம் நெஞ்சில் படுவது வெறும் கோடு.

சிவப்பு நூலும் சும்மா கிடைத்தது இல்லை. கடையில் நூல் இல்லாத காலம். தன் கலியாணப் புடவையின் சிவப்புக் கரையிலிருந்து ஒவ்வொரு இழையாக உருவினாள். உருவியதை மூன்று தடவை சோடாவில் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் ஈரமாகத் தேய்த்துப் பார்த்து, சாயம் இறங்காது என்று தெரிந்த பிறகுதான் ஊசியில் கோத்தாள். இதெல்லாம் அவள் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னது. ஒரே நாளில் சொன்னதில்லை. வேலை செய்யும்போது பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள்.

வேலை என்றால் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. காக்கித் துணி தடிமன். ஊசி சீக்கிரம் உடையும். இழுபடாமல் போக எல்லாரும் ஊசியைத் தலைமயிரில் ஒரு தடவை ஓட்டுவோம். அந்த எண்ணெய் போதும். அவள் இரண்டு தடவை ஓட்டுவாள். ஓட்டையை அடைக்க ஆபீசில் கொடுத்த புது நூலைத் தொடமாட்டாள். சட்டையின் அடி மடிப்பிலிருந்து அதே துணியின் இழையை உருவி, அதாலேயே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவாள்.

"பயசுல புதுசப் போட்டா, புதுசு பயச இழுத்துக் கிழிக்கும்" என்பாள்.

அவள் அடைத்த இடத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் தெரியாது. மேஸ்திரி ஒரு நாள் சொன்னார். "இந்தம்மா அடச்ச சட்டயப் போட்டுகினு போறவனுக்கு, இதுக்கு முன்னால போட்டவன் கதி தெரியாது. அதுவும் நல்லதுதான்." நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சட்டை என் கையில்தான் வந்தது.

மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம். அவள் கை கழுவக் குட்டைக்குப் போயிருந்தாள். புது மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து உள்வெளியாகத் திருப்பினேன். இடது மார்பில் சிவப்புக் கோடுகள். முடிச்சு இல்லை. அதுக்கு நாலு விரல் கீழே ஒரு ஓட்டை. திருப்பினேன். முதுகில் பெரிசு.

யோசித்துச் செய்ததில்லை. பிளேடுத் துண்டு கையில் இருந்தது. நாடா பிரிக்கிற மாதிரியே பின்பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒரு தடவை அறுத்து, ஊசிமுனையால் இழுத்தேன். எங்களுக்கு அது பழகின வேலை. கண் வேண்டாம். குட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டேதான் அறுத்தேன். மடியில் விழுந்த நூல் துண்டுகளை, ஊசி குத்தி வைக்கிற துணியில் சுருட்டி வைத்தேன். நகத்தால் குறுக்கே கீறித் துளைகளை மூடினேன். ஓட்டை இரண்டையும் வேகவேகமாக அடைத்து, முடித்த குவியலின் நடுவில் செருகிவிட்டேன்.

அவள் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எத்தினி முடிச்சே?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா? தூங்கிட்டியா?"

"தலவலி."

தன் தலையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புது மூட்டையை முழுக்கப் புரட்டினாள். ஒவ்வொன்றாக வைத்தாள். "இல்ல" என்றாள். தினமும் மூட்டை முடிந்ததும் அப்படிச் சொல்வாள். மெதுவாக, கொஞ்சம் சந்தோஷமாக. அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள்.

அந்த நூலைப் போகிற வழியில் ஏரியில் போட்டுவிட நினைத்தேன். கரையில் நின்றேன். கை வரவில்லை. நூலை எறிந்து எங்களுக்குப் பழக்கம் இல்லை. அரை விரல் நூலாக இருந்தாலும் சுருட்டி வைப்போம். அது மட்டுமல்ல. அது அவளுடையது. அவளைக் கேட்காமல் எப்படி எறிவது. கேட்கவும் முடியாது. மூன்று மாதம் அது என் ஊசித் துணியிலேயே கிடந்தது.

மூன்று மாதமும் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினாள். "இல்ல" என்று சொன்னாள். நான் "ம்" என்பேன்.

ஒரு நாள் அவளுடைய ஊசி உடைந்தது. காக்கி மடிப்பில் மாட்டி முறிந்தது. நான் கழுத்துப்பட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை.

"ஊசி கீதா?"

"என் துணியில கீது. எடுத்துக்கோ."

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வார்த்தை. வாயிலிருந்து வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போது அவள் துணியைப் பிரித்துவிட்டாள்.

உள்ளே சிவப்பு நூல் கிடந்தது. துண்டுகளைக் கையில் எடுத்தாள். சுருள் சுருளாக இருந்தது. தைத்துப் பிரித்த நூல் நேராக நிற்காது. தையல் இருந்த இடத்தில் எல்லாம் வளைந்திருக்கும். அது புது நூல் என்று யாரும் சொல்ல முடியாது.

"எப்ப?" என்றாள்.

"மூணு மாசம் ஆச்சுக்கா."

"சட்ட?"

"போயிருச்சு. அந்த வாரமே லாரியில ஏத்திட்டாங்க."

உள்ளங்கையில் துண்டுகளைப் புரட்டினாள். பிறகு கேட்டாள். "பைக்குள்ள பாத்தியா?"

"இல்ல."

"விரிச்சுப் பாக்கல?"

"பாக்கல. இன்னாத்துக்குப் பாக்கணும்? கோடு ஒன்னுதுன்னு தெரிஞ்சுது. அறுத்துட்டேன்."

"கோடு எப்பிடி நின்னுச்சு? நெட்டுக்கா போச்சா, பரந்து இருந்துச்சா?"

"பாக்கலக்கா. குட்டைப் பக்கம் பாத்துகினே அறுத்தேன். நீ வந்துருவேன்னு."

அப்போதுதான் சொன்னாள். அவள் குறி போட்டது புருஷன் சட்டையில் மட்டும் இல்லை. எட்டுப் பேருக்கும் போட்டாள். புறப்படுவதற்கு முதல் நாள் மற்ற ஏழு பெண்களும் புருஷனுக்குக் கேம்பில் கொடுத்த சட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் அதே புடவைக் கரை, அதே நூல். எழுத்துத் தெரியாததால் ஆளுக்கொரு படம். வண்டிக்காரனுக்குச் சக்கரம். குயவனுக்குச் சட்டி. ஏரியில் மீன் பிடிக்கிறவனுக்கு மீன். அவளுடைய புருஷனுக்கு ஏணி.

 நான் ஒருத்தி புருஷனை மறைத்ததாக நினைத்திருந்தேன். எட்டு வீட்டில் எந்த வீடு என்று சொல்ல இருந்த ஒரே அடையாளத்தைப் பிளேடால் அறுத்திருக்கிறேன்.

"யக்கா, சட்ட வந்தா ஆளு போயிட்டான்னு ஆவுமா? மாத்திப் போட்டுகினு இருப்பாங்க."

"ஓட்ட எங்க இருந்துச்சு?"

"பைக்குக் கீய. நாலு விரல்."

"முதுகுல?"

"இருந்துச்சு."

அதற்கப்புறம் அதைப் பற்றி அவள் கேட்கவில்லை. துண்டுகளை மடியில் பரப்பினாள். ஒவ்வொன்றாக எச்சில் தொட்டு, நீவி, நேராக்கினாள். முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனிவரை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்தாள். எந்தக் குறிக்கு எவ்வளவு நூல் பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். தன் புடவையிலிருந்து உருவியது ஆயிற்றே. மீனுக்கு ஒன்றரை முழம். ஏணிக்கு இரண்டு முழம். மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றுக்கு மேல்.

நான் வேலை செய்கிற மாதிரி குனிந்துகொண்டு பார்த்தேன். ஒரு முழம் முடிந்தது. மறுபடி முழங்கையில் ஆரம்பித்தாள். அரை முழத்தில் துண்டுகள் தீர்ந்துவிட்டன.

மறுபடி அளந்தாள். அதே ஒன்றரை.

"எதுனா கீய வுழுந்துச்சா?" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். எந்தப் பதிலைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. மடியில் விழுந்ததை எல்லாம் எடுத்தேன். தரையில் விழுந்ததா என்று எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

"வுழுந்துருக்கும்" என்றேன்.

"அர முயம் வுழுந்துருக்குமா?"

"அவசரத்துல அறுத்தேன். இருக்கும்."

தலையை ஆட்டினாள். நூலை எல்லாம் சேர்த்து முந்தானையில் முடிந்தாள்.

"அப்ப ஏணிதான்" என்றாள்.

எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். மேஸ்திரி கூப்பிட்டார். திரும்பவில்லை.

மூன்றாம் நாள் ஏரிக்கரையில் காரியம். ஆள் இல்லாததால் வைக்கோலில் ஒரு ஆள் கட்டினார்கள். நெஞ்சில் அந்தச் சிவப்பு நூலை வைத்துக் கொளுத்தினார்கள். வைக்கோல் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பிறகு புருஷன் இல்லாத பெண்கள் அவளைத் தண்ணீருக்குக் கூட்டிப்போனார்கள். தாலி அறுக்கும்போது கட்டுக்கழுத்திகள் பார்க்கக் கூடாது. நாங்கள் பனைமரத்தடியில் தள்ளி நின்றோம்.

என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண். இடுப்பில் கைக்குழந்தை. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"நீதான் யக்காகூட வேல செய்யறவளா?" என்றாள். "ஒன்னப் பத்திச் சொல்லும். நல்லவளுன்னு சொல்லும்."

"நீ யாரு?"

"பக்கத்து ஊடு. எங்க ஆளும் போயிருக்காரு. இது அவரு போன பொறவு பொறந்தது. அப்பன் மூஞ்சி பாக்கல." குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். "தெனம் சாயங்காலம் யக்கா வரும்போது கேப்பேன். மீனு வந்துச்சாக்கான்னு. இல்லடி, போய்க் கஞ்சி காய்ச்சுன்னு சொல்லும். பாவி, அதுக்குப் போய் ஏணி வந்துருக்குது பாரு."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீயே பாத்தியாமே? யக்கா சொல்லிச்சு. பைக்குள்ள ஏணி இருந்துச்சா?"

குழந்தை என் தோளில் கிடந்த துணியைப் பிடித்து இழுத்தது. அதன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.

"இருந்துச்சு" என்றேன்.

தண்ணீரிலிருந்து அவள் ஏறி வந்தாள். வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். எங்களைப் பார்க்காமல் போகிற வழக்கம். ஆனால் அவள் நின்றாள். அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"அயாதே. ஒன் ஆளு வருவான். பால் கட்டிக்கும், போய்ப் புள்ளைக்குக் குடு."

பிறகு என்னைத் தாண்டிப் போனாள்.

சண்டை முடிந்து எட்டுப் பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். சக்கரம் வந்தது. சட்டி வந்தது, ஒரு கால் இல்லாமல். இன்னொருவன் வந்து ஒரு வருஷத்தில் காய்ச்சலில் போனான். ஏணியும் வரவில்லை. மீனும் வரவில்லை. மீன்காரன் பெண்டாட்டி பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் கூடை தூக்கினாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அதற்காகத்தான் இங்கே யாருடைய பேரும் இல்லை.

அதெல்லாம் பின்னால். காரியம் முடிந்து பதினேழாம் நாள் அவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள். எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தோம்.  மேஸ்திரி மட்டும் ஒரு பானைத் தண்ணீரை அவள் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

என் பக்கத்தில், அதே இடத்தில் உட்கார்ந்தாள். புது மூட்டை வந்திருந்தது. ஒரு சட்டையை எடுத்தாள். புரட்டினாள். இடது மார்பில் தடவினாள். பிறகு முன்பக்கம் திருப்பி, இரண்டு விரலால் பையை விரித்து உள்ளேயும் பார்த்தாள். வைத்தாள். அடுத்ததை எடுத்துப் புரட்டினாள். உள்ளே பார்த்தாள். வைத்தாள். மூட்டை முழுக்க அப்படியே பார்த்தாள்.

என்னால் பொறுக்க முடியவில்லை. வேறு யாருக்கும் கேட்காமல் கேட்டேன்.

"இன்னும் எதக்கா தேடறே?"

ஊசியைத் தலைமயிரில் இரண்டு தடவை ஓட்டினாள்.

"ஏணிய" என்றாள்.